‘மாசம் எவ்வளவு?’: பிறையில் ஒரு கடன் கோப்பு

இந்தக் கோப்பில் வருபவர் ஒரே ஆள் இல்லை. மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும், கடன் தாள்களோடு உட்கார்ந்து பேசிய சில குடும்பங்களின் கதையை ஒருவரிடம் சேர்த்திருக்கிறேன். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சம்பளம், கடன் தொகை, மாதங்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். கணக்கு மட்டும் கணக்காகவே இருக்கும். கால்குலேட்டர் எடுத்துச் சரிபார்க்கலாம். அவரைத் ‘தம்பி’ என்றே குறிப்பிடுகிறேன்.

2024 அக்டோபரில் தம்பிக்கு 27 வயது. பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுப் பேக்டரியில் டெக்னீஷியன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா. பிறையில் பிளாட்டு வீடு. அப்பா லாரி ஓட்டி ஓய்ந்து இப்போது பகுதி நேரக் காவல் வேலை, அம்மா வீட்டில் தையல். தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சிகரெட் கிடையாது, குடி கிடையாது, சூதாட்டம் கிடையாது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஊதாரிங்க’ என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்தக் கோப்பு அவ்வளவாக உதவாது.

சம்பளச் சீட்டு

அடிப்படைச் சம்பளம் 2,350 வெள்ளி (ரிங்கிட்). சிப்டு படி 250. ஆக 2,600. ஊழியர் சேமநிதிக்கு 11 சதவீதம், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு, வேலைக் காப்புறுதி எல்லாம் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 2,290. ஓட்டி (ஓவர்டைம்) நிறைய இருந்த மாதங்களில் அதற்கு மேல் ஒரு 900 சேரும். அப்போது கைக்கு 3,150 வரை வந்தது. அந்தக் காலத்தில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,500. அதோடு வைத்துப் பார்த்தால் தம்பி நல்ல நிலையில்தான் இருந்தார், அக்கம்பக்கத்தாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இரண்டு சம்பளங்களில் எது உண்மையான சம்பளம்? தம்பியைக் கேட்டால் 3,150 என்பார். காடி (கார்) வாங்கப் போனபோது விற்பனையாளர் கேட்டது கடைசி மூன்று மாதச் சீட்டு, அந்த மூன்றும் ஓட்டி குவிந்த மாதங்கள். கடன் கொடுத்த பேங்கும் அதையே எடுத்துக்கொண்டது. கடன் வாங்குபவரால் உண்மையில் கட்ட முடியுமா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற பொறுப்பான கடன் வழிகாட்டியை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2012-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஓட்டியை எந்த அளவு நிலையான வருமானமாக எண்ணுவது என்பதில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கை தாராளம் இருக்கிறது. 2023-ல் சிப் தொழில் உலகம் முழுக்க மந்தமானபோது தம்பியின் பேக்டரியில் முதலில் வெட்டப்பட்டது ஓட்டிதான். யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதனாலேயே வீட்டில் யாருக்கும் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை.

ஓட்டிக்குச் சேமநிதி பிடிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ராத்திரி முழுக்க நின்று சம்பாதித்த 900-ல் ஒரு சென்கூட ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகவில்லை. அதை முழுசாகக் கடன் தவணைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

கடன்கள் வந்த வரிசை

முதலில் வந்தது பிடிபிடிஎன் கல்விக் கடன். ஆண்டுக்கு 1 சதவீதம்தான் கட்டணம், மாதம் 110 கட்டச் சொல்லியிருந்தார்கள். மிச்சம் ஏறத்தாழ 13,000. மலிவான கடன் என்பதாலோ என்னவோ, கை கடித்தபோது முதலில் நிறுத்தப்பட்டதும் இதுதான்.

அடுத்தது கிரெடிட் கார்டு. வேலைக்குச் சேர்ந்த ஒரு வருடத்தில், பேரங்காடி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் எடுத்தது. ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி இருந்தால் போதும், கார்டு கிடைக்கும். 36,000-க்குக் கீழே வாங்குபவர் இரண்டு நிறுவனங்களின் கார்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. தம்பி அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். ஒன்றில் வரம்பு 5,000, மற்றொன்றில் 4,000. நான் பார்த்த நாளில் நிலுவை 4,900, 3,800.

2022 ஆகஸ்டில் காடி. கடன் 50,000, வட்டி ஃபிளாட் ரேட்டில் 3.2 சதவீதம், 9 ஆண்டு. மாதம் 596.

2023 பிப்ரவரியில் தங்கச்சி கல்யாணத்துக்குத் தனிநபர் கடன் 20,000. ஃபிளாட் ரேட் 7 சதவீதம், 7 ஆண்டு. மாதம் 355.

அதற்குப் பிறகு ‘இப்போ வாங்கு, பிறகு கட்டு’ செயலிகள். மூன்று. ஒன்றில் போன், ஒன்றில் டயர், இன்னொன்றில் சில்லறைச் சாமான்கள். மாதம் 280 போல.

கடைசியாக ஆலோங், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரர்.

ஆலோங்கைத் தள்ளி வைத்துவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் கார்டின் குறைந்தபட்சத் தொகை 435-ஐயும் சேர்த்து மாதம் 1,776. ஓட்டி இருந்த மாதத்தில் வருமானத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஓட்டி இல்லாத மாதத்தில் நாலில் மூன்று பங்குக்கும் மேல். மிச்சம் நிற்பது 514.

இந்தப் பட்டியலை ஒரே தாளில் எழுத எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஆனது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு செயலியில் இருக்கும். தம்பி எல்லாவற்றையும் தலையிலேயே வைத்திருந்தார். எது எந்தத் தேதி என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வார். எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு பாக்கி என்று கேட்டதற்கு, “ஒரு நாப்பது அம்பது இருக்கும்ணே” என்றார். கூட்டிப் பார்த்தால் 83,000.

காடி

இந்த வீட்டில் எல்லாரும் பேசியது போனைப் பற்றியும் மாமாக் கடைச் சாப்பாட்டைப் பற்றியும்தான். அப்பா சொன்னார்: “ராத்திரி ராத்திரி வெளிய போய் சாப்புட்டே அழிச்சிட்டான்.” மூன்று மாத வங்கிக் கணக்கை வரி வரியாகப் பார்த்தோம். வெளிச் சாப்பாடு, உணவு டெலிவரி, கேம், 11.11 தள்ளுபடி எல்லாம் சேர்த்து மாதம் 420 வந்தது. குறைக்கலாம். ஆனால் 27 வயதில் சிப்டு வேலை செய்கிற ஒருவர் சாப்பிட்டதையும் சேர்த்து 420 என்பது வீட்டைக் கவிழ்க்கிற தொகை இல்லை.

காடியை எடுத்துக்கொள்வோம். தவணை 596. பிறையிலிருந்து தீவுக்குப் பினாங்குப் பாலம் வழியாகப் போக ஒரு தடவைக்கு 5.74 டோல்; தீவுக்குப் போகும்போது மட்டும்தான் வசூல், திரும்பும்போது இல்லை. மாதம் 24 நாள் வேலை என்றால் 138. பெட்ரோல் 320. காப்புறுதியும் ரோடு டேக்ஸும் ஆண்டுக்கு 1,800, மாதக் கணக்கில் 150. கூட்டினால் 1,204. டயர், சர்வீஸ் இன்னும் சேர்க்கவில்லை. கைக்கு 2,290 வருகிற ஆள் அதில் பாதிக்கு மேல் காடிக்கே கொடுத்துக்கொண்டிருந்தார்.

காடிக்கு முன்னால் என்ன செய்தார்? பேக்டரி பஸ். அது தப்பினால் அப்பாவின் கப்சாய் மோட்டார் சைக்கிள். 2019 ஜனவரி முதல் பினாங்குப் பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது. அதாவது வேலைக்குப் போய்வர அவருக்கு ஆன செலவு மாதம் ஒரு 80 வெள்ளி பெட்ரோல்.

ஏன் வாங்கினாய் என்று நான் கேட்டது குற்றம் சாட்ட இல்லை, தெரிந்துகொள்ள. முதலில் மழை என்றார். பாலம் பதிமூன்றரை கிலோமீட்டர், நடுவில் காற்று அடித்தால் கப்சாய் ஆடும், ராத்திரி சிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருவது பயம். அது உண்மையான காரணம், யாரும் சிரிக்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்.

“காடி இல்லாதவனுக்கு யாருண்ணே பொண்ணு கொடுப்பாங்க?”

அம்மா சமையலறையிலிருந்து, “அதுவும் உண்மைதானே” என்றார்.

விற்பனையாளர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “மாசம் எவ்வளவு கட்ட முடியும்?” தம்பி 600 என்றார். பிறகு காடியின் விலை, முன்பணம், ஆண்டுகள் எல்லாம் அந்த 600-க்குள் பொருந்தும்படி அடுக்கப்பட்டன. 7 ஆண்டு என்றால் 600-ஐத் தாண்டும். 9 ஆண்டு என்றால் 596. 9 ஆண்டுக்குக் கையெழுத்தாகிவிட்டது. 50,000-க்கு 3.2 சதவீதம் 9 ஆண்டு என்றால் வட்டி 14,400, மொத்தம் 64,400 என்பதை அன்று யாரும் அவரிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறது. அச்சிட்டிருக்கிறது.

ஃபிளாட் ரேட் என்றால், அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முதல் நாள் 50,000-க்கே கடைசி வரை போடப்படும். குறையும் பாக்கிக்கு ஏற்பக் கணக்குப் போட்டால் அந்த 3.2 உண்மையில் ஏறத்தாழ 5.8 சதவீதம். கல்யாணக் கடனின் 7 சதவீதம் அதேபோல் 12-ஐத் தாண்டிவிடும். இதைச் சொன்னபோது தம்பி முதல் தடவையாகக் கோபப்பட்டார். கடன் மீதில்லை, தன் டிப்ளோமா மீது. “மூணு செமஸ்டர் கணக்கு படிச்சேண்ணே” என்றார்.

கல்யாணம்

இதை நீட்ட எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கதை. பட்டர்வொர்த்தில் மண்டபம், ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, மேடை அலங்காரம், வீடியோ. அப்பாவின் சேமநிதியில் இருந்தது கோவிட் காலத்துச் சிறப்பு மீட்புகளில் ஏற்கெனவே கரைந்திருந்தது. அம்மாவின் நகையில் பாதி பெண்ணுக்குப் போனது. மிச்சத்துக்குத் தம்பி 20,000 எடுத்தார். எடுக்காமல் இருந்திருக்க முடியுமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மொய் உறையில் வந்த பணம் மண்டபக்காரருக்கும் சமையல்காரருக்கும் அன்று ராத்திரியே போய்விட்டது. கடனுக்கு ஒரு வெள்ளியும் திரும்பவில்லை. 20 மாதத்தில் கட்டியது ஏறத்தாழ 7,100. அசலில் குறைந்தது 3,000 போலத்தான்.

தங்கச்சிக்கு இந்தக் கடன் பற்றி இந்த நாள் வரை தெரியாது. தெரிய வேண்டும் என்பது என் கருத்து. தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

கார்டு எப்படிக் குறையாமல் இருந்தது

தம்பி கார்டுக்கு ஒரு மாதம்கூடக் கட்டாமல் இருந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார், கடைசி இரண்டு மாதம் தவிர. கட்டியது குறைந்தபட்சத் தொகை: நிலுவையில் 5 சதவீதம், அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. 8,700-க்கு 435. வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் அந்த மாதத்து வட்டி 130. அசலில் 305 குறைகிறது. குறைந்த அந்த 305 உடனே செலவு செய்யக் கிடைக்கிற வரம்பாகத் திரும்பி வருகிறது; அதில் பெட்ரோல் போட்டார். அடுத்த மாதம் மறுபடி 8,700. இப்படி ஒன்றரை ஆண்டு.

கார்டை வெட்டிப் போட்டுவிட்டு, புதிதாக எதுவும் வாங்காமல், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் அந்த 4,900 கடன் தீர ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். மாதம் குறையக் குறையக் கட்டுகிற தொகையும் குறைவதுதான் காரணம். வாடிக்கையாளருக்கு வசதி என்று சொல்லப்படுவது இதைத்தான்.

தவறாமல் கட்டுகிறவருக்கு வட்டி குறையும் என்ற ஏற்பாடு மலேசியக் கார்டுகளில் உண்டு. 12 மாதம் தொடர்ந்து தேதிக்குள் குறைந்தபட்சத் தொகையாவது கட்டினால் 15 சதவீதம், 12-ல் 10 மாதம் கட்டினால் 17, மற்றவர்களுக்கு 18. தம்பிக்கு 15 வந்திருக்க வேண்டிய காலம் இருந்தது. ஆனால் தேதி தவறி இரண்டு நாள் கழித்துக் கட்டுவது அவர் வழக்கம், சம்பளம் 28-ல் வரும், கார்டு 26-ல் வெட்டும். கட்டணத் தேதியை மாற்றிக் கேட்டிருக்கலாம். ஒரு போன் அழைப்பு.

ஓட்டி நின்ற பிறகு

இந்தக் கோப்பில் மையமான எண் எது என்று கேட்டால் 83,000 என்று நான் சொல்ல மாட்டேன். 46 என்பேன். 3,150 வந்த மாதத்தில் கடன் 1,776, வீட்டுக்கு 400, பெட்ரோல் 320, டோல் 138, போன் 50, வெளிச் செலவு 420 போக மிச்சம் 46 வெள்ளி. இவ்வளவு இறுக்கமாகக் கட்டிய கணக்கில் காப்புறுதி 1,800 எங்கே வரும்? தீபாவளி எங்கே வரும்? தைப்பூசத்துக்கு அம்மா நேர்ந்துகொண்ட பால்குடம் எங்கே வரும்? எல்லாம் கார்டில் வந்தது. ஓட்டி நின்றதும் அந்த 46 மாதம் 800-க்கு மேல் துண்டாக மாறியது.

துண்டை முதலில் செயலிகள் அடைத்தன. டயர் தேய்ந்தது, கையில் காசில்லை, மூன்று தவணை, வட்டியில்லை என்று செயலி சொன்னது. அந்தச் செயலிகள் பேங்க் நெகாராவின் நேரடி மேற்பார்வையில் அப்போது இல்லை. இந்த வகைக் கடனையும் ஒழுங்குக்குள் கொண்டுவரும் பயனீட்டாளர் கடன் சட்டம் 2025-ல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தம்பிக்கு மூன்று செயலியும் தனித்தனியாக வரம்பு கொடுத்தன. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பது தெரியாது.

பிறகு சேமநிதி. 2024 மே மாதம் முதல் சேமநிதிப் பங்கில் 10 சதவீதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்குக்குப் போகிறது. தம்பியின் பங்கும் முதலாளி பங்கும் சேர்த்து மாதம் 624. அதில் 10 சதவீதம் 62. குறைந்தது 50 இருந்தால் எடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் எடுத்தார். அறுபது வெள்ளிக்காக ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்கிறவரைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்த அறுபது வெள்ளி அவருக்கு எந்த நாளில் எதற்கு வேண்டியிருந்தது என்று பார்த்தால், 26-ம் தேதி, கார்டுக்கு.

அப்புறம் ஆகஸ்டில் ஆலோங். வாட்சப்பில் வந்த விளம்பரம், ‘சிசிரிஸ் (கடன் பதிவு) பார்ப்பதில்லை, 10 நிமிடத்தில் பணம்’. 2,000 கேட்டார். கைக்கு வந்தது 1,600. மிச்சம் ‘செலவு’ என்று பிடித்துக்கொண்டார்கள். வாரம் 200 வட்டி, அசல் அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1951-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கில் 2,000-க்கு ஒரு முழு ஆண்டு வட்டி 360. தம்பி அதைவிட அதிகமாக இரண்டு வாரத்தில் கொடுத்தார். எட்டு வாரத்தில் 1,600 கட்டி முடித்தார், அதாவது கைக்கு வந்தது முழுசாகத் திரும்பிப் போனது. அசல் 2,000 நின்றது.

ஒரு காலத்தில் இதே பினாங்கில் லெபோ பினாங்கு தெருப் பக்கம் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டிக் கடைகள், இருந்தன. வட்டி அங்கேயும் வட்டிதான், புனிதம் ஒன்றும் இல்லை. ஆனால் கொடுத்தவர் வாங்கியவரின் முகத்தைப் பார்த்துக் கொடுத்தார். தம்பி தனக்குக் கடன் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர்கள் மட்டும் தம்பியின் அடையாள அட்டைப் படம், போனில் இருந்த எண்கள், வீட்டு வாசல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள். ஒன்பதாம் வாரம் பணம் போகாதபோது அவர் படம் போட்ட மிரட்டல் செய்தி அத்தைக்கும் மாமாவுக்கும் சூப்பர்வைசருக்கும் போனது. வீட்டுக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான்.

என்ன செய்தார்கள்

வரிசையாகச் சொல்கிறேன், ஆனால் நடந்தது இவ்வளவு ஒழுங்காக இல்லை.

முதல் இரவே அப்பாவும் மகனும் போலீஸ் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்கள். உரிமம் இல்லாமல் கடன் கொடுப்பது குற்றம். அப்படிக் கொடுத்த கடனை நீதிமன்றம் போய் வசூலிக்கவும் முடியாது. சட்டம் அதுதான். தெருவில் நடப்பது வேறு என்பதும் அப்பாவுக்குத் தெரியும். வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட வீடுகளை அவர் பார்த்திருக்கிறார். தெரிந்த ஒருவர் இடையில் பேசி 1,000 கொடுத்து முடித்தார்கள். செய்திகள் நின்றன. கொடுத்திருக்கக் கூடாது என்று நான் எழுதினால் வாசலில் நின்றது நானில்லை என்று அவர் சொல்லலாம், சரிதான். தம்பி போன் எண்ணை மாற்றினார், சூப்பர்வைசரிடம் தானே போய் நடந்ததைச் சொன்னார். சூப்பர்வைசர், “நீ மட்டுமா, போன மாசம் இன்னொருத்தன்” என்றாராம்.

அடுத்தது சிசிரிஸ் அறிக்கை. பேங்க் நெகாராவின் கடன் பதிவு அது. யாரும் தங்களுடையதை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். “சிடோஸ்ல பேரு ஏறிட்டா அவ்வளவுதான், கருப்புப் பட்டியல்” என்று மாமா சொல்லியிருந்ததால் தம்பி மாதக் கணக்கில் அதைத் திறக்கவே பயந்திருந்தார். கருப்புப் பட்டியல் என்று ஒன்று அதில் இல்லை. கடைசி 12 மாதம் எந்தக் கடனுக்கு எத்தனை தவணை தவறியது என்ற எண்கள் இருந்தன. கார்டு ஒன்றில் 2, தனிநபர் கடனில் 1. மற்றக் கார்டிலும் காடிக் கடனிலும் பூஜ்ஜியம். சிடோஸ் வேறு, அது தனியார் கடன் தகவல் நிறுவனம்.

திவால் பயமும் இருந்தது. 2021 செப்டம்பர் முதல் 100,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்காக ஒருவர் மீது திவால் வழக்கு எடுக்க முடியாது. முன்பு 50,000, அதற்கு முன்பு 30,000. அப்பாவின் நினைவில் இருந்தது பழைய 30,000. இந்த ஒரு தகவலைச் சொன்னதும் வீட்டில் பேச்சு மாறியது. அதுவரை ஒப்பாரி, அதன் பிறகுதான் கணக்கு.

காடிதான் பெரிய சண்டை. பேங்கிடம் திருப்பி ஒப்படைத்துவிடலாம் என்றார் மாமா. ஒப்படைத்தால் ஏலத்தில் போகும், ஏல விலை கடனுக்குப் போதாவிட்டால் மிச்சத்தைத் தம்பிதான் கட்ட வேண்டும். தானே விற்பது நல்லது என்று முடிவானது. 26 தவணை கட்டியிருந்தார், ஏறத்தாழ 15,500. முடித்துக்கொள்ள எவ்வளவு என்று கேட்டால் 40,571 என்று கடிதம் வந்தது. தம்பி அதைத் தப்பு என்றே நினைத்தார். தப்பில்லை. முன்கூட்டி முடிப்பவருக்கு வட்டியில் எவ்வளவு கழிவு என்பதை அந்த ஒப்பந்தத்தில் ‘78 விதி’ என்ற கணக்கு முடிவு செய்தது. அதன்படி வட்டியின் பெரும்பகுதி முதல் ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிடும். 15,500 கட்டி அசலில் குறைந்தது 9,400-தான். பழைய காடிக் கடைக்காரர் 38,000 கொடுத்தார். குறை 2,571.

அந்தக் குறைக்கு அம்மா சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். அடகுக் கடையில் 2,600. “நகைக் கடன் கடனா என்ன” என்றார். சட்டப்படி அடகுக் கடை மாதம் 2 சதவீதம் வாங்கலாம். ஆண்டுக்கு 24, கார்டைவிட அதிகம். மாதம் 52 வெள்ளி. எனக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் அம்மாவிடம் ஒரு கணக்கு இருந்தது: அவர் கட்டுகிற கூட்டில், அதாவது சீட்டில், ஜனவரியில் அவர் முறை, 2,000 வரும், மிச்சத்தைத் தம்பி மாதம் 200 கொடுத்தால் சங்கிலி ஆறு மாதக் கெடுவுக்குள் திரும்பிவிடும். கூட்டு நடத்துவதைத் தொழிலாக்குவதை 1971-லேயே சட்டம் தடுத்துவிட்டது. பிளாட்டு வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் தங்களுக்குள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் ‘மொத்தம் எவ்வளவு, எப்போது முடியும்’ என்ற இரண்டையும் கேட்டு நடத்தப்பட்ட ஒரே பண ஏற்பாடு அதுதான் என்பதை நான் குறித்துக்கொண்டேன். சங்கிலி ஜனவரியிலேயே திரும்பியது.

மிச்சம் ஏ.கே.பி.கே. பேங்க் நெகாரா 2006-ல் ஏற்படுத்திய கடன் ஆலோசனை அமைப்பு, காசு வாங்குவதில்லை. ‘கடனைத் தீர்த்துத் தருகிறோம்’ என்று முகநூலில் கட்டணம் கேட்பவர்களுக்கும் இவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்களில் ஒருவருக்கு முன்பணம் கட்டத் தம்பி தயாராக இருந்தார், நல்லவேளை. தம்பி சம்பளச் சீட்டு, சிசிரிஸ், எல்லா நிலுவைக் கடிதங்களும் கொண்டுபோனார். ஆலோசகர் ஓட்டியைச் சேர்க்காமல் கணக்குப் போட்டார். கல்யாணக் கடனும் இரண்டு கார்டும் சேர்ந்து ஏறத்தாழ 25,700 ஒரே தவணைக்குள் வந்தது: மாதம் 540, 5 ஆண்டு. கார்டுகள் ரத்து. திட்டம் முடியும் வரை புதுக் கடன் இல்லை, சிசிரிஸில் அதற்கான குறிப்பும் இருக்கும்.

மாதம் 790 கட்டிய இடத்தில் 540. தம்பியின் முகம் தெளிந்தது. நான் அவரையே பெருக்கச் சொன்னேன். 540 பெருக்கல் 60, 32,400. “அப்ப ஆறாயிரத்து எழுநூறு வட்டியாண்ணே?” ஆமாம். மலிவு ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தொகையைத் தாளில் தன் கையால் எழுதிவிட்டுப் போட்டார்.

ஓராண்டு கழித்து

2025 கடைசியில் மறுபடி பார்த்தோம். செயலிக் கடன்கள் முடிந்துவிட்டன, செயலிகளும் போனில் இல்லை. பிடிபிடிஎன் மாதம் 110 போகிறது. பேக்டரி பஸ்தான், ஓட்டி இருந்து பஸ் தப்பும் நாளில் கப்சாய். மழையில் பாலத்தின் மேல் ஒரு தடவை சறுக்கி முழங்கை உரிந்தது. அம்மா காடி விற்றதற்கு அன்று அழுததைவிட இதற்கு அதிகம் அழுதார். காடியே கூடாது என்று நான் சொல்லவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய காடி ஒன்று, 5 ஆண்டுக் கடனில், அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்கினால் வாங்கலாம். இப்போதைக்குக் கடன் கிடைக்காது, அவ்வளவுதான்.

பெண் பார்க்க ஒரு இடம் வந்தது, சுங்கைப் பட்டாணி. காடி இருக்கிறதா என்று கேட்டார்களாம். இல்லை என்றார் அப்பா. ஜாதகம் இன்னும் அவர்களிடமே இருக்கிறது.

ஓட்டி திரும்பி வந்துவிட்டது, மாதம் 600 போல. அதை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஆலோசகர் தவணைத் திட்டத்தில் கூடுதலாகக் கட்டி ஐந்தாண்டை மூன்றாக்கிவிடலாம் என்கிறார். வட்டி மிச்சமாகும், கணக்குப்படி அவர் சொல்வதே சரி. நான் முதலில் 5,000 சேரட்டும் என்கிறேன். இந்தக் கோப்பில் ஒவ்வொரு புதுக் கடனும் ஒரு 1,800-க்காக, ஒரு டயருக்காக, ஒரு தீபாவளிக்காக வந்தது. கையில் அந்தப் பணம் இருந்திருந்தால் ஆலோங்கின் விளம்பரத்தை அவர் திறந்திருக்கவே மாட்டார். தம்பி இப்போதைக்கு இரண்டு பேர் பேச்சையும் கேட்டு 300-ஐத் தவணைக்கும் 300-ஐச் சேமிப்புக்கும் போடுகிறார். தங்கச்சி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். சீமந்தம் மண்டபத்திலா வீட்டிலா என்று பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.